மூன்றாம் இடத்தில் நான் வைத்த பாட்டு

அக்டோபர் 6, ஞாயிறு

பத்தாவது வருடப் பட்டியலுக்கு இன்று வரை நூற்று நாற்பத்தெட்டு வாக்குச்சீட்டுகள். ஹொக்கைதோவிலிருந்து ஒருவர் ஒரே தபால் அட்டையில் ஐம்பத்திரண்டு பாட்டையும் எறும்பு எழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றி, அட்டையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படிக்க வேண்டியிருந்தது. கண்ணாடிச் சட்டம் செய்தே பிழைக்கும் சபாயே ஊரில் இருந்துகொண்டு இந்தக் கதி.

முப்பத்தெட்டு வயதில் 'மிதக்கும் மேடை'க்கு இப்படி உழைக்க வேண்டுமா என்று அக்கா கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. மீன்வளப் பள்ளியில் படிக்கும் ஐந்து பெண்கள், ஒரு ஓட்டைப் படகு, துறைமுகம் துறைமுகமாகப் பாட்டு. கார்ட்டூன்தான். ஆனால் அந்தப் பாட்டுகளை வரிசைப்படுத்தப் போய்த்தான் மினெகோவும் கொதானி-சானும் எனக்குக் கிடைத்தார்கள். மினெகோ பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைப்பவள். கொதானி-சான் தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்பவர். வேறு எந்த வழியில் இந்த இரண்டு பேரையும் நான் சந்தித்திருப்பேன்?

என் சீட்டையும் எழுதி முடித்தேன். பழைய பாட்டுகள் ஐம்பத்தொன்றும் மனப்பாடம். கோடையில் வந்த படத்தின் புதுப்பாட்டு 'மறுகரை' மட்டும்தான் சிக்கல். அதை மூன்றாம் இடத்தில் வைத்தேன்.

ஏன் மூன்று? இணையத்தில் எல்லோரும் அழுதேன், அழுதேன் என்கிறார்கள். முதலிடம் கொடுத்தால் யாராவது காரணம் கேட்பார்கள். பதினொரு தடவை போட்டுப் பார்த்தேன். காது மெஷினை எவ்வளவு கூட்டினாலும், சலவை இயந்திரத்துக்குள் யாரோ பேசுவது போலத்தான் இருக்கிறது.

'முழுதாக மூன்று முறையாவது கேட்காத பாட்டுக்கு வாக்கு போடக்கூடாது.' பட்டியலின் முதல் விதி. எழுதியது நான்தான்.

கேட்டேனே. பதினொரு முறை.

அக்டோபர் 9, புதன்

நான் வேலை செய்யும் சட்டப் பட்டறையில் பக்கத்து மேசை சுஜி-சான் மூன்று தடவை கூப்பிட்டாராம். மெருகு போடும் சக்கரத்தின் இரைச்சல் என்றேன். சக்கரம் நின்றிருந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

கரோக்கே அறையில் வாக்கு எண்ணினோம். மொத்தம் இருநூற்று மூன்று சீட்டு. எண்ணி முடிக்க ஐந்து மணி நேரம். 'மறுகரை' முதலிடம். 'கடைசிப் படகு' இரண்டே புள்ளி வித்தியாசத்தில் இரண்டாம் இடம். 'கடைசிப் படகு' கொதானி-சானின் உயிர். ஒன்பது வருடமாக அது இரண்டாவதாகவே வருகிறது. இந்த முறையும் அவர் தலையைச் சொறிந்துகொண்டு உருளைக்கிழங்கு வறுவலை எடுத்தார்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அறையில் திரையில் வரிகள் ஓடும், மற்றவர்கள் கை தட்டுவதைப் பார்த்து நானும் தட்டிவிடுவேன், மினெகோ பேசும்போது வாயை நன்றாகத் திறந்து பேசுவாள். இரண்டு வருடம் இப்படித்தான் சமாளித்தேன். இன்று அவள் என் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, 'மறுகரை'யில் உனக்கு எந்த இடம் பிடித்தது என்று கேட்டாள்.

இரண்டாவது சரணத்தில் டிரம்ஸ் நுழையும் இடம் என்றேன்.

மினெகோ சிரிக்கவில்லை. "அந்தப் பாட்டுல டிரம்ஸே கிடையாதேடி. ஒரு பியானோ, ஒரு குரல். அவ்வளவுதான்."

வேறு பாட்டோடு குழப்பிக்கொண்டேன் என்று சொன்னேன். கேட்காமலே போட்டாயா, எல்லோரும் போடுகிறார்கள் என்று நீயும் போட்டாயா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். உதட்டைப் பார்த்தால் அடுத்து என்ன சொல்கிறாள் என்று தெரிந்துவிடும் என்பதால் நான் கோப்பையைப் பார்த்தேன். கொதானி-சான் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. அந்த டிரம்ஸ் பாட்டில் இல்லை. என் காதுக்குள் எப்போதும் அடித்துக்கொண்டிருக்கும் இரைச்சல். அதற்குத்தான் மூன்றாம் இடம் கொடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 21, திங்கள்

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 'கடைசிப் படகு'க்குப் பத்தாம் இடம் கொடுத்திருக்கும் என் ஒரு சீட்டை எடுத்துவிட்டால் அது முதலிடத்துக்கு வந்துவிடும். பட்டியல் வெள்ளிக்கிழமை வெளியாகிறது.

பேசாம இருந்துடலாம். யாருக்குத் தெரியப் போவுது? ஒரு கார்ட்டூன் பாட்டுப் பட்டியல், இதுக்கு யாரும் செத்துட மாட்டாங்க. ஆனா அந்த மனுஷன் ஒன்பது வருஷமா தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வறுவல் தின்னுட்டு இருக்காரு, நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருக்கேன். 

சொன்னா அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிடுவாங்க? பாட்டு கேக்காத ஒருத்தி பாட்டுக் கூட்டத்துல என்ன செய்வா?

நான்கு முறை எழுதி அழித்தேன். ஐந்தாம் முறை எங்கள் மூவர் குழுவில் அனுப்பிவிட்டேன்: 'எனக்கு இரண்டு வருடமாகப் பாட்டு கேட்பதில்லை. பேச்சும் பாதிதான். ஐம்பத்தொரு பாட்டை ஞாபகத்தில் வைத்து வாக்கு போட்டேன். மறுகரையை நான் கேட்டதே இல்லை. என் சீட்டை நீக்கிவிடுங்கள்.'

அக்டோபர் 22, செவ்வாய்

கொதானி-சானின் பதில்: 'ரெண்டு வருஷமா நீங்க என் வாயையே பாத்தீங்க. பல்லுல ஏதோ ஒட்டியிருக்குன்னு நெனச்சு, நான் வீட்டுக்குப் போய் ஒவ்வொரு தடவையும் கண்ணாடி பாத்தேன். இப்பதான் நிம்மதி.'

மினெகோவிடமிருந்து ஒன்றுமில்லை.

அக்டோபர் 24, வியாழன்

மாலை ஐந்தரைக்குக் கைபேசி அதிர்ந்தது. 'கதவத் தொற. பத்து நிமிஷமா மணி அடிக்கறேன்.'

மினெகோ கையில் சூடான கொரொக்கே கட்லெட் பொட்டலம். தலையில் சமையற்கூடத்து வலைத்தொப்பியைக் கழற்ற மறந்திருந்தாள். உட்காரக்கூட இல்லை. எனக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, "சீட்டு கெடக்கட்டும்," என்றாள். "நான் சொன்ன ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சியே, அது என்ன?"

பாதி எனக்குக் கேட்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"மீதிப் பாதி?"

"கேட்டுச்சு. அது அவ்வளவு நல்லா இல்லை."

கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான் போலிருக்கிறது. கொரொக்கே ஆறிப்போய்த்தான் தின்றோம்.

அதன்பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷன் செய்து காதுக்குள் மின்கம்பி வைக்கலாம் என்று டாக்டர் வசந்தத்திலேயே சொன்னதை, நான் வேண்டாம் என்றதை. பேச்சு திரும்பக் கிடைக்கும், பாட்டுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார்கள். செய்துகொண்டவர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். தெரிந்த பாட்டைப் போட்டால் தகர டப்பா உருளுகிறதாம். எனக்கு அந்த ஐம்பத்தொரு பாட்டும் தலைக்குள் அப்படியே பத்திரமாக இருக்கிறது. தகரச் சத்தம் வந்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டால்?

மினெகோ வலைத்தொப்பியைக் கழற்றி நான்காக மடித்தாள். "அடுத்த வருஷம் அம்பத்து மூணாவது பாட்டு வரும். அதுக்கு அடுத்த வருஷம் இன்னொண்ணு. நீ பழைய பெட்டியையே காவல் காத்துக்கிட்டு இருப்பியா?"

வெள்ளிக்கிழமைப் பட்டியலில் 'ஒரு சீட்டு விதிப்படி நீக்கப்பட்டது' என்று அடியில் சின்னதாகப் போட முடிவு.

அக்டோபர் 25, வெள்ளி

'கடைசிப் படகு' முதலிடம். கொதானி-சான் தன் சுத்தியலின் புகைப்படத்தை அனுப்பினார். கைப்பிடியில் நீல ரிப்பன் கட்டியிருக்கிறது.

டிசம்பர் 12, வியாழன்

ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டேன். ஜனவரி 15. இடது காது.

வீட்டுக்கு வந்து ஐம்பத்தொரு பாட்டையும் வரிசையாக மனதுக்குள் ஓட்டினேன், ஊருக்குப் போகிறவள் வீட்டை ஒரு சுற்றுப் பார்ப்பது போல. முப்பத்தெட்டாவதில் தூங்கிவிட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

தலையில் கட்டு. வெளியே பனி. மினெகோ மிஸு-யோகான் டப்பாவோடு வந்தாள். குளிர்காலத்தில் இந்தப் பயறுப் பாகை ஜில்லென்று தின்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் புரியும். ஒரே கரண்டியால் மாற்றி மாற்றித் தின்றோம். கருவியை இன்னும் முடுக்கவில்லை. கேட்க ஒன்றுமில்லை என்பதால் ரொம்ப நிம்மதியான நாள்.

பிப்ரவரி 5, புதன்

முடுக்கினார்கள். பயிற்சி தரும் மொரிசாகி-சான் ஏதோ சொன்னார். தகர வாத்து ஒன்று மணியடித்தது போலிருந்தது. உதட்டைப் பார்த்தபின்தான் 'கேட்கிறதா' என்று புரிந்தது.

கேட்கிறது. இதற்குப் பெயர் கேட்பது என்றால்.

பிப்ரவரி 6, வியாழன்

இப்போதைக்குப் பாட்டு போடக்கூடாது என்றுதான் மொரிசாகி-சான் சொன்னார். போட்டேன். 'கடைசிப் படகு'. பதினைந்து விநாடி.

எதுக்குடி இதைச் செஞ்சுக்கிட்ட. நல்லா இருந்ததையும் கெடுத்துக்கிட்டியே.

பிப்ரவரி 8, சனி

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

கொதானி-சான் வந்தார். கையில் காகிதச் சுருள். மெருகுத் தாளைப் போல நீளமாக விரித்தார். ஐம்பத்திரண்டு பாட்டும் புது வரிசையில், அவர் கையெழுத்தில்.

எந்த அடிப்படையில் என்று எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் 'கடைசிப் படகு' நாற்பத்தேழாவது. முதலிடத்தில் 'கணவாய் எண்ணும் பாட்டு'. படகின் செல்லப் பூனை ஒன்று முதல் பத்து வரை கணவாய் எண்ணும். ஒன்றரை நிமிடம். பத்து வருடமாக எங்கள் பட்டியலில் கடைசி. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

அவர் எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார். இது பிடித்த பாட்டுகளின் வரிசை இல்லை. எந்தப் பாட்டில் வாத்தியம் குறைவு, எதில் சொல் தெளிவு, எதில் வேகம் கம்மி என்று அவரும் மினெகோவும் மூன்று வாரம் உட்கார்ந்து கேட்டு எண்ணியிருக்கிறார்கள். முதல் பாட்டில் ஒரு குரல், ஒரு மரக்கட்டை. நாற்பத்தேழாவதில் பதினெட்டு வாத்தியம்.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல எல்லா தண்டவாளமும் ஒரே டங்குதான்," என்றார். "நல்லதையும் விரிசல் விட்டதையும் தட்டித் தட்டிக் கேட்டு, ஒரு வருஷம் கழிச்சுதான் வித்தியாசம் தெரிஞ்சுது. மேலேருந்து ஆரம்பிங்க. அவசரம் இல்லை."

அவர் போனபிறகு பூனையைப் போட்டேன். டொக், டொக், டொக். மரக்கட்டை. அது மரக்கட்டைதான்.

மார்ச் 9, ஞாயிறு

பூனை 'ஏழு' என்றது. வரிகளைப் பார்க்காமல் கேட்டேன். எட்டு, ஒன்பதும்.

ஏப்ரல் 2, புதன்

பட்டறையில் சுஜி-சான் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார். திரும்பினேன். அவர்தான் திடுக்கிட்டார், என்ன சொல்ல வந்தார் என்பதையே மறந்துவிட்டார்.

மே 18, ஞாயிறு

பட்டியலில் ஒன்பதாவது வரை வந்துவிட்டேன். பெண் குரல் எது, புல்லாங்குழல் எது என்று தெரிகிறது. ராகம் இன்னும் தள்ளாடுகிறது, படியில் கால் வைக்கும் இடத்தில் படி இருப்பதில்லை. ஆனால் தலைக்குள் இருந்த பழைய பாட்டு எதுவும் அழியவில்லை. காது தடுமாறும் இடத்தில் ஞாபகம் கைகொடுக்கிறது. இது யாரும் எழுதாத விஷயம். எழுத வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

'மறுகரை'யைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். கொதானி-சானின் வரிசையில் அது நான்காவது. ஐந்து, ஆறு என்று தாவிவிட்டிருந்தேன். இதற்கு மட்டும் கைகொடுக்க ஞாபகம் கிடையாது. காதை மட்டும் நம்ப வேண்டும்.

இன்று ஜன்னலை மூடிவிட்டு உட்கார்ந்தேன். பியானோ. பிறகு அந்தப் பெண். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அவள் மூச்சு இழுக்கிறாள். டிரம்ஸ் என்று நான் சொன்ன இடத்தில் இருப்பது அந்த மூச்சு.

மூன்று முறை கேட்டேன். விதிப்படி.

செப்டம்பர் 21, ஞாயிறு

பதினோராவது வருடப் பட்டியலுக்கு அழைப்பு அனுப்பிவிட்டோம். இந்த வருடம் புதுப்பாட்டு இரண்டு. மொத்தம் ஐம்பத்து நான்கு. பலவற்றை இன்னும் என்னால் பிரித்துக் கேட்க முடியவில்லை. அவற்றுக்கு என் சீட்டில் இடம் கொடுக்கவில்லை. முப்பத்தொரு பாட்டுக்குத்தான் வாக்கு. அரைச் சீட்டு செல்லுமா என்று கேட்டேன். செல்லும் என்று மினெகோ புது விதி எழுதினாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

சீட்டை நேற்று அனுப்பினேன். இன்று காலை துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது மினெகோ போன் செய்தாள்.

"மறுகரை இருபத்து மூணாவதா? உனக்கு என்ன கேடு?"

பாடியவளின் குரலில் குறை இல்லை, ஆனால் கடைசிச் சரணத்தில் சொன்னதையே சொல்கிறாள், மெட்டும் அழு அழு என்று முதுகைப் பிடித்துத் தள்ளுகிறது என்றேன். அப்படியானால் பூனைப் பாட்டு எப்படி நான்காவது என்று கேட்டாள். அந்த மரக்கட்டையை ஒருநாளாவது ஒழுங்காகக் கேட்டிருக்கிறாயா என்று நான் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும்தான். நடுவில் அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, போய் அணைத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து திட்டினாள். கொதானி-சானிடம் பஞ்சாயத்து வைப்பதாக மிரட்டிவிட்டு வைத்தாள்.

நாற்பது நிமிடம். மூன்று வருடமாக நான் யாருடைய போனையும் எடுத்ததில்லை.

அவள் சொன்ன காரணங்களில் ஒன்று சரிதான், இப்போது யோசித்தால். அதற்காக இடத்தை மாற்றப் போவதில்லை. துணியில் பாதி இன்னும் வாளியிலேயே கிடக்கிறது.