சுவரில் மாட்டிய டிவியை நோக்க வேண்டிய ஐவர் குறித்து

அனுப்புநர்:
கோ. பைலோத்து (வயது 64),
ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்,
கோக்காட்டு வீடு, பள்ளிநடை,
கோளங்காடு, திருச்சூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு உதவித் தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
கோளங்காடு.

பொருள்: என் சகோதரியின் வீட்டுச் சுவரில் டிவி மாட்டியதில் ஏற்பட்ட செலவு – அதை நோக்குவதற்காகச் சுமைத் தொழிலாளர் ஐவர் கூலி பெற்றது – பெற்ற கூலிக்குரிய வேலையை அவர்கள் இன்றுவரை செய்து முடிக்காதது – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மேசையில் மனுக்கள் இமயமலை உயரத்துக்கு இருப்பதை அறிவேன். போன வெள்ளிக்கிழமை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். இதை அந்த மலையின் உச்சியில் வைக்கும்படி தங்கள் அலுவலக உதவியாளரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் தலையாட்டினார். அதை நம்பி எழுதுகிறேன்.

1. என் மூத்த சகோதரி கொச்சுத்ரேசியா பதினோரு ஆண்டுகளாக விதவை. கோளங்காட்டில் ரவிக்கை அணிந்த பெண்களில் பாதிப் பேருக்கு அவர்தான் தைத்திருக்கிறார். அந்தத் தையலில் படித்து ஆளான ஒரே மகன் டின்ஸன் இப்போது கனடாவில் இருக்கிறான். அவனுடைய திருமணம் இம்மாதம் 7ஆம் தேதி, சனிக்கிழமை, அங்குள்ள தேவாலயத்தில் நடப்பதாக முடிவாயிற்று. தாயார் போக விசா கேட்டு இருமுறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. திரும்பி வரமாட்டார் என்ற ஐயமாம். பதினேழு கோழிகளையும் ஒரு தையல் இயந்திரத்தையும் விட்டுவிட்டு அவர் இரண்டு நாளுக்கு மேல் எங்கும் தங்கியதில்லை என்பதை அத்தனை பெரிய நாட்டுக்கு யார் எடுத்துச் சொல்வது?

2. ஆகவே, மகன் மின்னுத்தாலி கட்டுவதை அவர் பார்க்க இருந்த ஒரே வழி நேரலை ஒளிபரப்பு. கைபேசியில் பார்க்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. கைபேசியில் பாதிரியாரையும் மெழுகுவத்தியையும் அவரால் பிரித்தறிய முடியாது. எனவே மகன் பணம் அனுப்ப, நான் நகரத்துக்குச் சென்று அறுபத்தைந்து அங்குல டிவி ஒன்றை வாங்கினேன். பூரத்துக்கு வரும் யானையின் நெற்றிப்பட்டத்தைவிட அது பெரியது. 'சுவரில் இலவசமாக மாட்டித் தரப்படும்' என்று கடைக்காரர் சிரித்தபடி சொன்னார்.

3. அந்த இலவசத்தை நான் முழுமையாக அனுபவித்தேன். மாட்டுவதற்கு வந்த ஜிஜில் என்னும் இளைஞர் சொன்ன விளக்கம்: "மாட்றது ஃப்ரீதான் அங்கிள். மாட்றதுக்கு ஸ்டாண்டு வேணும்ல, அது ஆயிரத்துத் தொள்ளாயிரம்." ஸ்டாண்டைப் பிடிக்கும் போல்ட்டுகளும் போல்ட்டைப் பிடிக்கும் பிளக்குகளும் தனி. துளையிடும் கூலி சாதாரணச் சுவருக்கு இல்லையாம், செம்பாறை வெட்டுக்கல் சுவருக்கு உண்டாம். எங்கள் வீடுகள் எல்லாமே எங்கள் அப்பன் மண் குழைத்துக் கட்டிய வெட்டுக்கல் வீடுகள். அப்பன் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே டிவியை எண்ணிக் கட்டியிருக்க வேண்டும் என்று நான் நொந்துகொண்டேன்.

4. இனி எதிர்மனுதாரர்களுக்கு வருகிறேன். 5ஆம் தேதி வியாழக்கிழமை காலை டிவி சரக்கு ஆட்டோவில் வந்து இறங்குவதற்குள், ஜங்ஷனில் நின்றிருந்த நீலச்சட்டைச் சுமைத் தொழிலாளர்கள் ஐவர் வாசலுக்கு வந்துவிட்டனர். அவர்களின் தலைவர் சுப்ரன். மற்றவர்களில் மொய்துண்ணியும் ரப்பாயியும் பெயர் சொல்லத் தக்கவர்கள். மீதி இருவர் பேசாமல் மீசையை மட்டும் பயன்படுத்தினர். நானும் ஜிஜிலும் ஆட்டோக்காரருமே தூக்கிக்கொள்வோம் என்றேன். அப்போது சுப்ரன் கூறியவை வருமாறு:

"தாராளமா தூக்குங்க சேட்டா, நாங்க வேண்டாம்னா சொன்னோம்? நீங்க தூக்கி மாட்டுங்க, நாங்க நோக்கிக்கிட்டு நிக்கிறோம். நோக்கறதுக்குன்னு ஒரு ரேட்டு இருக்குல்ல, அத மட்டும் குடுத்துடுங்க."

5. நோக்குகூலி தடை செய்யப்பட்டது என்பதை நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தங்கள் அலுவலக வாசலிலேயே அறிவிப்புப் பலகை மாட்டியிருக்கிறது. அதை மாட்டியபோது யாரேனும் நோக்கினார்களா என்பது எனக்குத் தெரியாது. முப்பத்தோராண்டுகள் டிக்கெட் கிழித்தவன் நான். பஸ்ஸில் ஏறாமல் சாலையோரம் நின்று பஸ்ஸை வேடிக்கை பார்த்தவனிடம் ஒருநாளும் டிக்கெட் காசு கேட்டதில்லை. ஆகவே சொன்னேன்: "டேய் சுப்ரா, என் பொண்டாட்டி முப்பத்தஞ்சு வருஷமா என்ன நோக்கிட்டுதான் இருக்கா. இன்னிக்கு வரைக்கும் ஒத்தப் பைசா கேட்டதில்ல." மதிலுக்கு அப்பாலுள்ள எங்கள் வீட்டிலிருந்து என் மனைவி, "கேக்காம விட்டது என் மடத்தனம்!" என்று கூவியது எதிர்த்தரப்புக்குச் சாதகமாக அமைந்துவிட்டது.

6. அதன் பிறகு பேச்சு வளர்ந்தது. பிணத்தைச் சுற்றும் கழுகுகூடக் கீழே இறங்கி ஒரு கொத்தாவது கொத்தும், உங்களுக்கு அந்த உழைப்பும் கிடையாது என்று நான் சொன்னேன். 'லேபர் ஆபீசுக்கு எழுதாம விட்டா என் பேரு பைலோத்து இல்ல' என்றும் சொன்னேன். "எழுதுங்க சேட்டா. கையெழுத்து அழகா இருக்கட்டும்" என்றார் சுப்ரன். உடனே அங்கேயே, மாமரத்தடியில், ஐவரும் கூடித் தீர்மானம் போட்டார்கள்: அதிகாரி தீர்த்துவைக்கும்வரை எங்களில் யாரும் இந்த வீட்டுப் படி ஏறமாட்டோம், பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டோம் என்று. இதற்குள் என் சகோதரி உள்ளிருந்து ஆயிரத்தைந்நூறு ரூபாயைக் கொண்டுவந்து சுப்ரன் கையில் வைத்துவிட்டார். "சனிக்கிழம எம் மவனுக்குக் கல்யாணம். டிவி சொவத்துக்குப் போகட்டும். உங்க சண்டைய ஞாயித்துக்கிழம வெச்சுக்குங்க" என்பது அவர் தீர்ப்பு.

7. இங்கே தங்கள் கவனத்துக்கு ஒரு முக்கியமான உண்மை: பணம் கைக்கு வந்ததும் ஐவரும் எதிர்க்கடைக்குத் தேநீர் குடிக்கச் சென்றுவிட்டனர். டிவி இறங்கியதையோ மாட்டப்பட்டதையோ அவர்களில் ஒருவரும் நோக்கவில்லை. சந்தேகமிருப்பின் தேநீர்க்கடைக்காரரை விசாரிக்கலாம். அவரும் நோக்கவில்லை.

8. (இந்தப் பத்தியைத் தாங்கள் வேகமாகப் படித்துக் கடந்துவிடலாம்.) சுவரைத் தட்டிப் பார்த்த ஜிஜில், பழைய சுவர் என்பதால் பின்னால் ஒரு பலகை அடித்து அதன்மேல் மாட்டுவதுதான் பத்திரம், அதற்கு இரண்டாயிரத்தைந்நூறு ஆகும் என்றார். அதுவரை ஆன செலவில் நான் கொதித்துப் போயிருந்தேன். "ஒண்ணும் வேண்டாம், அப்படியே அடி" என்று சொன்ன வாய் என்னுடையதே.

9. சனிக்கிழமை மாலை. அங்கே காலை பத்து, இங்கே ஏழரை மணிக்குத் திருப்பலி தொடக்கம். கோளங்காடு முழுவதும் என் சகோதரியின் கூடத்திலும் முற்றத்திலும் இருந்தது. கனடா தேவாலயத்தில் இருந்ததைவிட இங்கே கூட்டம் அதிகம் என்று பிறகு தெரிந்தது. மாட்டிறைச்சி வறுவலின் மணம் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளை நிறுத்தியது. என் எதிர்ப்பையும் மீறிச் சகோதரி எதிர்மனுதாரர்களையும் அழைத்திருந்தார். அவர்கள் தீர்மானப்படி படி ஏறாமல், வெளுத்த வேட்டியுடன், கேட்டுக்கு அப்பால் வரிசையாக நின்றனர்.

10. ஏழு மணி இருபது நிமிடத்துக்கு டிவி தலை குனிந்தது. முதலில் அது மணமக்களுக்கு மரியாதை செய்வதாகவே நினைத்தேன். பிறகு மேல்பக்கச் சுவரிலிருந்து சிவந்த மண் கொட்டியது. இரண்டு போல்ட்டுகள் என் மடியில் விழுந்தன. பக்கத்திலிருந்த மின்பலகையும் சுவரை விட்டு வெளியே எட்டிப் பார்த்தது. நான், நாற்பத்தெட்டு விருந்தினர்கள், என் மனைவி உட்பட அனைவரும் வாயைத் திறந்தபடி அதை நோக்கிக்கொண்டிருந்தோம். யாருக்கும் கூலி இல்லை. என் சகோதரி மட்டும் எழுந்து, "ஐயோ, என் மவன்!" என்று கத்தினார்.

11. அடுத்து நடந்தது மூன்று நொடிகளில் முடிந்துவிட்டது. ஐவரும் படி ஏறினார்கள். சுப்ரனும் மொய்துண்ணியும் தோளிலிருந்த துவர்த்துத் துண்டைச் சுருட்டித் தலையில் வைத்து, சுவருக்கு முதுகு கொடுத்து ஒரு பெஞ்சில் அமர்ந்து, டிவியின் கீழ்விளிம்பைத் தலையில் வாங்கினார்கள். ரப்பாயியும் ஒரு மீசையும் இரு பக்கமும் நின்று, கன்னத்தைச் சுவரில் ஒட்டி, அதை அணைத்துப் பிடித்தார்கள். மற்றொரு மீசை பின்னால் குனிந்து, ஆடும் பிளக்கை விரலால் அழுத்திக்கொண்டார். படம் ஒரு கணம் போய்த் திரும்பி வந்தது. "உக்காருங்க சேச்சி, கல்யாணம் எங்கயும் போகாது" என்றார் சுப்ரன், தலையை அசைக்காமல்.

12. அந்த நிலையில் அவர்கள் ஒரு மணி நாற்பது நிமிடம் இருந்தார்கள். இதில் முப்பத்திரண்டு நிமிடம் அங்குள்ள பாதிரியாரின் பிரசங்கம். அதுகுறித்து உரிய இடத்துக்குத் தனியாக எழுதுகிறேன். எதிர்க்கடை முன்னால் சிமென்ட் லாரி ஒன்று மூட்டை இறக்க ஆள் தேடி வந்து, ஹாரன் அடித்து அடித்துச் சலித்து, வேறு ஜங்ஷனுக்குப் போய்விட்டது. ஒருவரும் அசையவில்லை.

13. மின்னு கட்டும் நேரம் வந்தபோது என் சகோதரி எழுந்து டிவி அருகே போனார். மகனின் முகத்துக்கு நேராகக் கையை உயர்த்தி, திரையில் அவன் நெற்றியில் சிலுவை வரைந்தார். அப்படியே கையைக் கீழே இறக்கியபோது அது சுப்ரனின் தோளில் நின்றது. கட்டி முடிக்கும்வரை அங்கேயே இருந்தது. ஆசீர்வாதத்தில் எத்தனை விழுக்காடு கனடாவுக்குப் போயிற்று, எத்தனை இங்கே இறங்கியது என்பதைத் தாங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை. எனக்குக் கண்ணில் செம்மண் விழுந்திருந்ததால் சரியாகத் தெரியவில்லை.

14. முடிந்ததும் ஐவரும் டிவியைப் பத்திரமாக இறக்கிக் கட்டில் மெத்தையில் படுக்கவைத்துவிட்டு, இலையில் உட்காரச் சொல்லியும் கேளாமல், படி இறங்கிப் போய்விட்டனர்.

15. திங்கட்கிழமை நான் ஜங்ஷனுக்குச் சென்று, தங்கள் அலுவலகக் கூலிப் பட்டியலில் எங்கும் இல்லாத அந்த வேலைக்கு நானே ஒரு கணக்குப் போட்டு மூவாயிரம் ரூபாயை நீட்டினேன். சுப்ரன் தொடவில்லை. "தலையில வெச்சதுக்கெல்லாம் கூலி வாங்குறவன்தான் சேட்டா நான். ஆனா அது சுமை இல்லையே." சரி, அப்படியானால் நோக்குவதற்கு வாங்கிய ஆயிரத்தைந்நூறைத் திருப்பிக் கொடு, வியாழக்கிழமையும் நோக்கவில்லை, கல்யாணத்தன்று அந்த வீட்டில் இருந்தவர்களில் டிவியைப் பார்க்காதவர்கள் நீங்கள் ஐந்து பேர் மட்டும்தான் என்று சட்டப்படி மடக்கினேன்.

"நோக்கலன்னு யாரு சொன்னா? நேரா எதுத்தாப்பலதான இருந்தோம். சேச்சி மொகத்தையே ஒண்ணே முக்கா மணி நேரம் நோக்கிட்டு இருந்தேன். கல்யாணம் பூரா அதுல ஓடிச்சு" என்றார் சுப்ரன். மொய்துண்ணி, "பிரசங்கத்துல சேச்சி ரெண்டு தடவ தூங்கினாங்க" என்று சாட்சி சொன்னார். மூவாயிரத்தை மடியில் செருகிக்கொண்டு வீடு திரும்பினேன்.

16. இத்துடன் இது முடிந்திருக்கும். ஆனால் என் சகோதரிக்கு முடியவில்லை. 'எம் மவன் கல்யாணத்துல சாப்பிடாமப் போனது அந்த அஞ்சு பேரு. கல்யாணத்தப் பாக்காமப் போனதும் அந்த அஞ்சு பேரு' என்று அவர் நாள்தோறும் என்னிடம் சொல்கிறார். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, நடுவில் மதிலுக்கு மேலாக ஒன்பது முறை. அவரே ஜங்ஷனுக்குப் போய் அழைத்துப் பார்த்தார். அவர்களோ, "தீர்மானம் இருக்கே சேச்சி. பைலோத்தேட்டன் புகார அதிகாரி தீக்காம நாங்க எப்படி வர்றது? அன்னிக்கு உள்ள வந்ததே யூனியனுக்குத் தெரியாது" என்கிறார்கள். அந்த யூனியனே இவர்கள் ஐவர்தான். நான் புகாரே எழுதவில்லை, எழுதுவதாகச் சொன்னதோடு சரி என்றேன். எழுதாத புகாரைத் தீர்க்க முடியாதாம். ஆகவே இதை எழுதும்படி ஆயிற்று.

17. திருமணப் பதிவு இணையத்தில் இம்மாத இறுதிவரை மட்டுமே இருக்கும், பிறகு அழிக்கப்பட்டுவிடும் என்று படம்பிடித்தவர்கள் அறிவித்துள்ளனர்.

எனவே, தாங்கள் இப்புகாரை ஏற்றுக்கொண்டு, அதே கையோடு தீர்த்துவைத்து, கீழ்க்கண்டவாறு உத்தரவிடுமாறு பணிந்து வேண்டுகிறேன்:

அ) கழுகு பற்றி நான் கூறிய சொற்களை நானே திரும்பப் பெறுகிறேன். அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆ) ஆயிரத்தைந்நூறு ரூபாயை அவர்கள் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் நோக்குவதற்கென்று வாங்கியதால் நோக்கியே தீர வேண்டும். முகத்தை நோக்கியது செல்லாது. ரசீது டிவிக்குத்தான். (ரசீது தரப்படவில்லை.)

இ) அதன்படி வரும் 29ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஐவரும் என் சகோதரியின் வீட்டில் ஆஜராகி, முழுத் திருமணத்தையும், பிரசங்கம் உட்பட, உட்கார்ந்து பார்க்க வேண்டும். பின்னர் இலையில் வைத்தவற்றில் எதையும் மிச்சம் வைக்கக் கூடாது. பலகை அடித்தாகிவிட்டது. டிவி இனி விழாது. ஜிஜில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

தாமதம் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்கென்று டிவிக்கு எதிரே ஐந்து நாற்காலிகளை என் சகோதரி வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறார். அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. ஒன்பது நாட்களாக அந்த வீட்டில் எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிடுகிறோம்.

இடம்: கோளங்காடு
நாள்: 16.10.2023

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
கோ. பைலோத்து