மூன்று முறை பார்த்த ரத்தம்

என்னோடு பேசாமல் இருப்பவளுக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டாய். அதனால்தான் இதை நர்ஸ் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். பாப்பாவின் மஞ்சள் கவுனைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். அவசரமில்லை, மெதுவாகவே காயட்டும்.

குடல் ஆபரேஷன் முடிந்து இன்று ஐந்தாம் நாள். காய்ச்சல் இல்லை, பாப்பா சிரிக்கிறாள், டாக்டரும் வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டார். நீ பையைக் கட்டி முடித்த நேரம் பார்த்து, லேபிலிருந்து நான் அவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கெடுத்தேன்.

"எம்புள்ள முகத்தப் பாத்தா எனக்குத் தெரியாதா? உங்க மெஷினுக்குத்தான் தெரியுமாக்கும்!" என்று கத்தினாய்.

உள்ளே எங்காவது சீழ் பிடித்தால், முகத்தில் தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் சி.ஆர்.பி. ஏறிவிடும். இந்நேரம் அது இறங்கியிருக்க வேண்டும். நேற்று நாற்பது. இன்று நூற்று முப்பது.

"ரிசல்ட் எப்ப வந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார். "இப்பதான் சார்" என்றேன்.

பொய். ஒன்பது மணிக்கே வந்துவிட்டது. மெஷின்மேல் பழியைப் போட்டு, அதே ரத்தத்தை மறுபடியும் வைத்துப் பார்த்தேன். அப்புறம் மெஷினைக் கழுவிவிட்டு இன்னொரு தடவை. போனைக் கையில் எடுத்தபோது மணி பதினொன்றரை.

ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும் முன் இந்தக் கடிதத்தை டாக்டரிடம் காட்டிவிடு. அந்த இரண்டரை மணி நேரம் அவருக்குத் தெரிய வேண்டும்.

பதினெட்டு வருஷமாக ஊரார் பிள்ளைகளின் ரத்தம் பார்க்கிறேன். இப்படி ஏறியிருந்தால், முதல் தடவையே போனை எடுத்துவிடுவேன்.

பாப்பாவின் அப்பா