மரத்தடியில் நின்றவருக்கு

நேற்று உங்கள் பேரில் எனக்குப் போர்த்திய பொன்னாடை கதிரையில் கிடக்கிறது. மடித்து வைக்கக் கை வரவில்லை. புதுத்துணி மணம் வீடு முழுக்க அடிக்கிறது. மணக்க மணக்க நேற்றைய கோபம் திரும்பத் திரும்ப ஏறுகிறது.

பருத்தித்துறையில் மரதன் ஓட்டம் வைத்தார்கள். ஒரே நிறத்தில் பனியன் போட்ட பிள்ளைகள், மேடை, ஒலிபெருக்கி, மேலே சுற்றிச் சுற்றிப் படம் பிடிக்க ஒரு ட்ரோன். இந்த ஊரிலிருந்து கடல் கடந்து போய் மரதன் ஓடிய முதல் ஆள் நீங்கள்தான் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். உங்களைக் கௌரவிக்க என்னை அழைத்தார்கள். நானும் நல்ல சேலை உடுத்து, சந்தோஷமாகத்தான் போனேன். அறிவிப்பாளர் என்னை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டு, "ஜப்பானில் பாதிவழியில் களைத்து நின்றபோதும், எங்கள் மண்ணின் பெயரை அங்கே கொண்டு சென்றவர்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

களைத்து நின்றீர்களாம். நீங்கள்.

எண்பதுகளின் நடுவில் இந்தத் தெருக்களில் ஓடிப் பழகுவது என்றால் என்னவென்று அந்தத் தம்பிக்கு யார் சொல்வது? தனியாக ஓடுகிற இளந்தாரியைக் கண்டால் ஆமிக்காரன் கேள்வி கேட்டுவிட்டுச் சுடுகிற காலமா அது? "நீரும் சைக்கிளிலை பக்கத்திலை வாரும். பொம்பிளை ஒண்டு கூட வந்தால், ஆரோ விசரன் ஓடுறான் எண்டு விட்டிடுவாங்கள்" என்றீர்கள். கலியாணம் கட்டிய புதிது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கைப்பிடியில் தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிட்டு, மணற்காட்டுப் பக்கம் வரை உங்களோடு மிதித்தேன். ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

மூச்சு வாங்க ஓடுகிற ஆளுக்கு ஆமியின் ஹெலிகொப்டர் சத்தம் பிந்தித்தான் கேட்கும். அதனால் காது என்னுடைய வேலை. கேட்ட உடனே நான் சொல்வது ஒரு சொல்: "மரம்." நீங்கள் கிட்ட இருக்கிற மரத்தடிக்குப் போய், அடியோடு ஒட்டி அசையாமல் நிற்பீர்கள். ஓடுகிறவனைத்தான் மேலே இருந்து சுடுவார்கள், நிற்கிறவன் தப்புவான். குடாநாட்டில் நடக்கப் பழகின குழந்தைக்கும் அது தெரியும். ஒருநாள் வெட்டவெளியில் வேறு மரம் ஒன்றுமில்லாமல் ஒரு முருங்கைக் கன்றைக் காட்டினேன். "உது மரமோ?" என்று கேட்டீர்கள். "இப்பைக்கு மரம்தான், நில்லுங்கோ" என்றேன். சத்தம் போனபிறகு இரண்டு பேரும் தெருவில் நின்று வயிறு நோகச் சிரித்தோம்.

அப்படிப் பழகித்தான் கொழும்பில் வென்று, ஜப்பானுக்குப் போனீர்கள். நான் கட்டித் தந்த பருத்தித்துறை வடையை, உங்களோடு ஒரே அறையில் தங்கிய பிலிப்பைன்ஸ்காரன் ரமோன் முதல்நாளே முடித்துவிட்டான் என்றீர்கள். அவனும் கடற்கரை ஊர்க்காரன். அவனுடைய ஆங்கிலமும் உங்களுடைய ஆங்கிலமும் சேர்ந்தாலும் ஒரு வசனம் வராது. ஆனாலும் ஒருவர் சப்பாத்தை மற்றவர் போட்டுப் பார்த்து, காலில் உள்ள கொப்புளங்களைக் காட்டி, இரவு முழுக்கக் கதைத்தீர்களாம்.

ஓட்டத்தில் பாதி தாண்டியும் நீங்கள் இருவரும் தோளோடு தோள். அப்போதுதான் தொலைக்காட்சிக்காரரின் ஹெலிகொப்டர் உங்களுக்கு மேலே தாழப் பதிந்து வந்தது. "முதல் கேட்டது சத்தமில்லை. மரம் எண்டு உம்மடை குரல்தான் கேட்டது" என்று என்னிடம் சொன்னீர்கள். கொடி அசைத்துக்கொண்டிருந்த சனத்தை விலக்கிக்கொண்டு போய்த் தெருவோர மரமொன்றைக் கட்டிப்பிடித்து நின்றீர்கள். முன்னால் போன ரமோன் திரும்பிப் பார்த்தான். போட்டியை விட்டுவிட்டு ஓடி வந்தான். உங்களையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தான். என்னவென்று விளங்காமலே உங்கள் பக்கத்தில் அந்த மரத்தடியில் நின்றான். சத்தம் தள்ளிப் போனதும், "கமரா, கமரா" என்று கையால் காட்டித் தோளில் தட்டினான். பிறகு இருவருமாக ஓடி முடித்தீர்கள்.

முன்பின் தெரியாத ஒருவன் தன் இடத்தை விட்டுத் திரும்பி வந்தான். உங்களைக் கூட்டிக்கொண்டு போன அதிகாரியோ ஏன் நின்றாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. களைத்து நின்றார், மனத்திடம் போதாது என்று அறிக்கை கொடுத்தார். பத்திரிகையும் அதையே போட்டது. ஓடி முடித்ததை ஒருவரும் எழுதவில்லை. அதோடு உங்களை எவரும் எந்த ஓட்டத்துக்கும் கூப்பிடவில்லை.

நான் பத்திரிகைக்கு எழுத இருந்தேன். "என்னெண்டு எழுதப்போறீர்? ஹெலிக்குப் பயந்து மரத்தைக் கட்டிப்பிடிச்சவர் எண்டோ? களைச்சவன் எண்டே இருக்கட்டும், விடும்" என்று பேனையை வாங்கி வைத்தீர்கள். அவர்களில் எனக்குக் கோபம் ஒரு பங்கு என்றால் உங்களில் இரண்டு பங்கு. இங்கே சனத்தைச் சுட ஹெலி அனுப்பியவனுக்கு வராத வெட்கம் உங்களுக்கு ஏன் வந்தது? சாகும் வரைக்கும் அந்தப் பொய்யை ஏன் சுமந்தீர்கள்?

நேற்று நான் விடவில்லை. பொன்னாடை போர்த்தியதும் ஒலிவாங்கியைக் கேட்டேன். நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்துத் தந்தார்கள். "அவர் களைக்கேல்லை. ஹெலி வந்தது, அதாலை நிண்டவர். பேந்து ஓடி முடிச்சவர்" என்றேன்.

அறிவிப்பாளர் தம்பி குழம்பிப்போனார். "அம்மா, ஜப்பானிலை என்ன ஹெலி?" என்றார்.

பதில் சொல்ல வாய் திறக்கிறேன், அந்த ட்ரோன் என்னைப் படம் பிடிக்கவென்று மேடைக்கு மேலே இரைந்துகொண்டு பதிந்தது. பிள்ளைகள் கை காட்டினார்கள். என் வாயிலிருந்து, என்னை அறியாமலே, ஒலிபெருக்கியில் வந்தது அந்த ஒரு சொல்.

முன்வரிசையில் நரைத்த தலைகள் எல்லாம் ஒன்றாக மேலே நிமிர்ந்தன. சிலர் கதிரையை விட்டு எழும்பி, திடலின் ஓரத்து வேம்பைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெல்லத் திரும்பவும் கதிரைகளில் இருந்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. ஓய்வுபெற்ற தபாலதிபர் மட்டும் வாய் திறந்தார். "ஓம் பிள்ளை, விளங்குது" என்றார்.

இப்போது இந்தப் பொன்னாடையை மடிக்கப் போகிறேன். அந்தச் சொல் இன்னும் என் நாக்கு நுனியிலேயே இருக்கிறது. அது உங்களை உயிரோடு எனக்குத் திருப்பித் தந்த சொல். அதைக் கேட்டு நின்றவரை, நான் இருக்கும் வரைக்கும், களைத்தவர் என்று எவரும் சொல்லக் கூடாது.