துண்டுக்கு வெளியே பேசிய சம்பளம்

இன்று காலை ரெட்டியபட்டிப் பக்கத்திலிருந்து இந்த வருஷத்தின் முதல் பருத்தி வண்டி வந்து இறங்கியது. மூட்டையின் வாயைப் பிரித்ததும் குப்பென்று ஒரு புழுக்க வாசம். எடை கூடட்டும் என்று தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் வண்டிக்காரரைப் பார்த்து, "என்ன மாமா, பருத்திக்குத் தாகம் எடுத்துருச்சோ?" என்று கேட்டிருப்பாய். அவரும் சிரித்துக்கொண்டே எடையில் கழிவுக்குச் சம்மதித்திருப்பார். நானும் அதையேதான் கேட்டேன், ஒரு எழுத்து மாறாமல். அவர் என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உன்மேல் எனக்கிருந்த பொறாமை மட்டும் போகவில்லை. செத்தவர்களைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்பார்கள். நானும் நல்லதைத்தான் சொல்லப் போகிறேன், வயிற்றெரிச்சலோடு சொல்லப் போகிறேன். உனக்கு மடல் எழுதுவதே ஒரு கூத்து. நான் எட்டாவது வரை படித்தவள், நீ கைநாட்டு. உயிரோடு இருந்தபோதே வாசிக்கத் தெரியாதவளுக்கு இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது? ஆனால் நாளைக்கு நான் முதலாளி முன்னால் சம்பளம் பேச நிற்க வேண்டும். அதற்கு முன்னால் உன்னோடு கொஞ்சம் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அருப்புக்கோட்டையில் பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கிற இந்த ஜின்னிங் பேக்டரிக்கு நான்தான் முதலில் வந்தேன். நீ இரண்டு வருஷம் கழித்து வந்தாய். பருத்தி அரவைக்குப் போகும் முன்னால் கொட்டகையில் உட்கார்ந்து சருகையும் கறை பிடித்த பஞ்சுச் சுளையையும் பொறுக்கி எடுப்பதுதான் நமக்கு வேலை. தினக்கூலி. எதை எறிவது, எதை ஒதுக்குவது என்று உனக்குக் காட்டிக்கொடுத்ததே நான்தான். வந்த புதிதில் நீ நல்ல சுளையையெல்லாம் கறைப் பக்கம் போட்டுவிட்டு, "எல்லாம் வெள்ளையாத்தான மதினி இருக்கு" என்று சிரிப்பாய்.

நம் முதலாளியின் துண்டுப் பழக்கம் உனக்கு நினைவிருக்கும். அவர் தொழில் பழகியது பருத்தித் தரகில். அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தோள் துண்டை எடுத்து இருவர் கையையும் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்தே பேசி முடிப்பார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு ஆடுவதுதான் தெரியும். அந்தப் பழக்கத்தை அவர் பேக்டரிக்கும் கொண்டுவந்துவிட்டார். ஆம்பளைகள் யாருக்காவது வேலை மாறினால், "வாரும்" என்று கூப்பிட்டுத் துண்டைப் போட்டுவிடுவார். என்ஜின்காரருக்கு என்ன சம்பளம், எடை போடுகிறவருக்கு என்ன சம்பளம் என்று ஒருத்தருக்கும் தெரியாது. பக்கத்தில் இருப்பவனுக்கு எவ்வளவு என்று தெரியாதவன் எதைக் காட்டிக் கூடக் கேட்பான்? முதலாளிக்கு அதுதான் வசதி. பொம்பளைகளுக்குத் துண்டும் கிடையாது, பேச்சும் கிடையாது. கொடுத்ததை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போக வேண்டியதுதான்.

அப்படியிருக்கும்போதுதான் கொட்டகை மேஸ்திரி விருதுநகருக்கு வேறு வேலைக்குப் போனார். அவர் இடத்துக்குப் பொறுக்குகிற பொம்பளைகளிலேயே ஒருத்தியைப் போடுவதென்று முதலாளி முடிவு செய்தார். நான் தலைக்குக் குளித்து, பொங்கலுக்கு எடுத்த சுங்கடிச் சேலையைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தேன். மூத்தவள் நான், படித்தவள் நான். வேறு யாரைக் கூப்பிடப் போகிறார்?

உன்னைக் கூப்பிட்டார்.

காரணம் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உன் வாய்க்காகத்தான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நீ மடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு எழுந்து போனாய். முதலாளி "நாளையிலருந்து நீதான் மேஸ்திரி" என்றார். சொன்ன வாயோடு, பழக்க தோஷத்தில் தோள் துண்டை உருவிக் கையில் போட்டு உன் பக்கம் நீட்டிவிட்டார்.

கொட்டகையில் அத்தனை தலையும் நிமிர்ந்தது. ஒரு பொம்பளையின் கையைத் துண்டுக்குள் பிடித்துப் பேசுவதா? அவருக்கே உறைத்ததும் சுட்டது போலக் கையை இழுத்துக்கொண்டார். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவர் முகம் சிவந்துபோய், "சரி சரி, போ. நான் பாத்துப் போட்டுத் தாரேன்" என்றார்.

அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "நீங்க பாத்துச் செய்ங்க முதலாளி" என்று கும்பிட்டிருப்பேன். அந்த வார்த்தையைத்தான் காலையிலிருந்து வாய்க்குள் வைத்திருந்தேன். நீ என்ன செய்தாய்? நகராமல் நின்றாய்.

"பாத்துப் போடுறது இருக்கட்டும் முதலாளி. ஆம்பளையா இருந்தா துண்டுக்குள்ள பேசியிருப்பீக. எனக்கு அந்த வழி இல்ல. அதனால வாயால கேக்கேன். மாசம் அம்பது ரூவா."

"அம்பதா? ஏ தாயி, அதே கொட்டக, அதே பருத்தி. நேத்து உக்காந்து பாத்த, நாளைக்கு நின்னு பாக்கப் போற. நிக்கிறதுக்கா அம்பது?"

"நிக்கிறதுக்கு இல்ல முதலாளி. இத்தன பேரு செய்யிற தப்புக்கு உங்ககிட்ட நான் ஒருத்தி ஏச்சு வாங்கணும்ல, அதுக்கு."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது என்றார். நீ நாற்பத்தைந்துக்கு இறங்கினாய், அதற்குக் கீழே வரவில்லை. "சரி, நாப்பத்தஞ்சு" என்று அவர் முணுமுணுத்ததும், "சத்தமாச் சொல்லுங்க முதலாளி, பின்னாடி இருக்கவுகளுக்குக் கேக்கல" என்றாய். அவரும் சத்தமாகச் சொன்னார். அந்தப் பேக்டரியில் எல்லோர் காதும் கேட்கச் சொல்லப்பட்ட முதல் சம்பளம் உன்னுடையது. சாயங்காலத்துக்குள் ஆம்பளைகள் ஒருவரை ஒருவர் தனியே இழுத்துப் போய், "உனக்கு எம்புட்டு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதில் இரண்டு பேருக்கு உன்னைவிடக் குறைச்சல் என்று தெரிந்து ஒரே ரகளை.

நான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. நீ தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கம்மங்கஞ்சியில் மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டே, "மதினி, என்மேல பொறாமையா?" என்று கேட்டாய்.

"ஆமா" என்றேன்.

"நல்லது. வயிறு எரிஞ்சாத்தான் பசி எடுக்கும். கஞ்சியக் குடி" என்றாய்.

அந்தப் பதிலுக்காகவும் உன்மேல் பொறாமைப்பட்டேன். எனக்கு அப்படி ஒரு பதில் ஜென்மத்துக்கும் வாயில் வந்ததில்லை. வீட்டுக்குப் போய் அடுப்பு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் வரும்.

சில வருஷம் கழித்து என் முறை வந்தது. பருத்திக்கொட்டை வியாபாரம் பெருகி, அதைச் சேர்த்துவைக்கத் தனிக் கிட்டங்கி கட்டினார்கள். கொட்டையை அளந்து வாங்கி, காயப்போட்டு, லோடு ஏற்றிவிடுகிற பொறுப்பு எனக்கு என்று முதலாளி சொன்னார். உன்னிடம் பட்ட அடியில் அவரும் விவரமாகிவிட்டிருந்தார். கொட்டகையில் வைத்துப் பேசவில்லை. ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தாத குறையாக, "இந்தா பாரு தாயி, உனக்கு எம்பத்தஞ்சு. அவளுக்கு எம்பதுதான் தாரேன். அவகிட்டச் சொல்லிராத. சொன்னா அவளும் வந்து நிப்பா" என்றார்.

உன்னைவிட அஞ்சு ரூபாய் கூட! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அத்தனை வருஷ எரிச்சலுக்கு அந்த அஞ்சு ரூபாய் மருந்து. ஆனால் நீயே சொல், உனக்குத் தெரியாத ஒரு உசத்தியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நீ பார்க்காத நகையை நான் யாருக்குப் போட்டுக் காட்டுவது? மதியம் வரைக்கும்தான் தாங்கினேன். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த உன்னிடம் போய், "எனக்கு எம்பத்தஞ்சாக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

உன் முகம் வாடும் என்று காத்திருந்தேன். நீ சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக ஆபீஸுக்குப் போனாய். போன சுருக்கில் திரும்பி வந்தாய்.

"எனக்கும் அதேதான் மதினி. இன்னமே உனக்குக் கூடுச்சுன்னா ஒடனே சொல்லிரு. பெருமைய உள்ள வச்சிருந்தா ஒடம்புக்கு ஆகாது."

பின்னாலேயே முதலாளியின் குரல் வந்தது. "உங்க ரெண்டு பேராலயும் ஒரு நா நான் தலையில துண்டப் போட்டுக்கிட்டுத்தான் போகப் போறேன்!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் உனக்கு மேலே இருந்திருக்கக் கூடாதா? ஆனாலும் அதன்பிறகு நமக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. உனக்குக் கூடினால் எனக்கு வயிறு எரியும், நான் போய் நிற்பேன். எனக்குக் கூடினால் வாய் சும்மா இருக்காது, நீ போய் நிற்பாய். இரண்டு பொம்பளைகள் ஒருத்தியை ஒருத்தி பொறுக்காமலேயே நூற்றுப்பத்து ரூபாய்க்கு வந்து சேர்ந்தோம்.

கார்த்திகையில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி, மதுரை ஆஸ்பத்திரி என்று எல்லாம் பார்த்தும் நிற்கவில்லை. உன்னை எடுத்த அன்று திருச்சுழி, காரியாபட்டி என்று எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து ஆட்கள் வந்தார்கள். பருத்தி கொண்டுவருகிற சம்சாரிகள்கூட வந்தார்கள், நீ எடையில் கழித்துக் கழித்து அழவைத்தவர்கள். முதலாளி மாலையோடு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அழுதுகொண்டேதான் அந்தக் கூட்டத்தைப் பார்த்தேன். எனக்கு இதில் பாதி வருமா என்று அப்போதும் நினைத்தேன்.

நேற்று முதலாளி ஆபீஸுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். "அவ பாத்த கொட்டகையையும் நீயே சேத்துப் பாத்துக்க தாயி. நாளன்னைக்கு வா, சம்பளத்தப் பேசிருவோம். அஞ்சோ பத்தோ கூடப் போட்டுத் தாரேன்" என்றார். நான் கையிலிருந்த கொட்டைக் கணக்கை அவர் மேசையில் வைத்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவரே சொன்னார்: "நீ அவள மாதிரி இல்ல. அவ வாயத் தொறந்தா என் பெட்டியில துட்டு நிக்காது. நீ நல்லவ. கேக்க மாட்ட."

புகழ்ந்தாராம். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. செத்துப்போன நீ கேட்கத் தெரிந்தவள், முன்னால் உயிரோடு நிற்கிற நான் கேட்காதவள். உன்னை விட்டால் அந்த மனுஷனுக்கு வேறு பேச்சு கிடையாதா?

வீட்டுக்கு வந்து எவ்வளவு கேட்பது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஓடவில்லை. இத்தனை வருஷத்தில் எனக்கு எவ்வளவு வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. உனக்கு எவ்வளவு என்று பார்ப்பேன், அதைக் கேட்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. உன்னை வைத்துக்கொண்டுதான் எனக்கே என் மதிப்பு தெரிந்தது. இப்போது யாரைப் பார்த்துக் கேட்பது? பாவி, போகிற போக்கில் ஒரு தொகையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

சரி, நானே முடிவு செய்துவிட்டேன். நாளைக்கு ஆபீஸ் அறைக்குள் போக மாட்டேன். அவர் கொட்டகைக்கு வருகிற நேரம் பார்த்து, பொம்பளைகள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று சத்தமாகக் கேட்கப் போகிறேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும். கிட்டங்கிக்கு என் சம்பளம் அப்படியே இருக்க வேண்டும். உன் கொட்டகைக்கு உன் சம்பளம் முழுதும் வேண்டும். அதற்கு மேல் ஒரு ரூபாய்.

அந்த ஒரு ரூபாய் எதற்கு என்று கேட்பார். உன் வேலைக்கு உன்னைவிட நான் கூட வாங்க வேண்டும், அதற்குத்தான். அவரிடம் அப்படிச் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்கிறேன். உனக்குப் பொறுக்காது, தெரியும். பொறுக்கவில்லை என்றால் வா, வந்து நீயும் கேள்.