நம் கழனியின் முறை

அன்புள்ள நைனாவுக்கு,

கன்னிகா எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை விடாமல் போடுகிறாளா?

போன வாரம் ஆபீசில் ஒரு சின்னக் கூத்து. நீங்கள் முறை வைத்து ஏரித் தண்ணீரைக் கழனிகளுக்குத் திறந்துவிடுவதுபோல, கம்ப்யூட்டருக்குள் எந்த வேலை முதலில் ஓட வேண்டும் என்று முறை வைக்கும் பகுதியில்தான் எனக்கு வேலை. மற்றவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று என் புரோகிராமை நானே கடைசிக்குத் தள்ளினேன். திரும்ப முன்னால் கொண்டுவரப் பார்த்தால், அனுமதி இல்லை என்றது. அங்கே சட்டமே அப்படி: பின்னால் போக யாரையும் கேட்க வேண்டாம், முன்னால் வரக் கேட்டாக வேண்டும். கூச்சப்பட்டுக்கொண்டு அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். மேலதிகாரியைக் கேட்டதும் இரண்டே நிமிடத்தில் அனுமதி கொடுத்துவிட்டார்.

"உங்க நைனா இந்த வாட்டியும் ஊருக்கெல்லாம் தண்ணி உட்டுட்டு, நம்ம கழனிய கடேசில வெச்சிக்கினு சுத்துறாரு" என்று அம்மா போனில் சொன்னாள். போன வருஷம் நம் கதிர் காய்ந்தது போதும், நைனா. இப்போது ஏரி நிரம்பியிருக்கிறது. நம் முறையை முன்னால் வைக்கச் சொல்லி ஊர்க் கூட்டத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

அம்மாவிடம் வேர்க்கடலைப் பொடி பார்சலில் அனுப்பச் சொல்லுங்கள். புனேயில் தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை.

நானும் துணிந்து லீவு கேட்டேன், கிடைத்தது. தேதி மட்டும் இன்னும் போடவில்லை. நம் கழனிக்கு எந்த நாள் என்று எழுதுங்கள். அன்று காலை திருப்பதியில் ரயிலிறங்கி, மடை திறக்க வந்துவிடுவேன்.

உங்கள் மகள்,
கன்னிகா