திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன்

டிசம்பர் 9
வடக்கு மினசோட்டா

அன்பு மகள் பிரிட்டாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம். டூசானில் நீயும் நலமாக இருப்பதாக ஆர்டிஸ் அத்தை சொன்னாள். போன இரண்டு கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. போனையும் நீ எடுப்பதில்லை. வற்புறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் ஒரு வரியாவது நீ எழுதினால் எனக்கு நன்றாக இருக்கும். நாம் பேசி வருகிற பிப்ரவரியோடு இரண்டு வருஷம் ஆகப் போகிறது.

இந்த வாரம் பதினோரு அங்குலம் பனி. ஏரி உறைந்துவிட்டது, ஆனால் அதன்மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கும் குடிசையை இழுத்துக்கொண்டு போய்ப் போட எனக்கு இன்னும் மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவின் பாத்திரத்தில் ஹாட்டிஷ் செய்து பார்த்தேன். மேலே அடுக்கிய உருளைக்கிழங்கு வேகவே இல்லை, அடியில் கறி கருகிவிட்டது. ஒரே பாத்திரத்தில் இரண்டும் எப்படி நடந்தது என்று தெரியவில்லை. பசிக்கு முக்கால்வாசி தின்றேன்.

டெப்போவில் எங்களுக்குப் புது சூப்பர்வைசர் வந்திருக்கிறாள். பெயர் சுவா வாங், வயது முப்பத்து நான்கு. ஒன்பது வருஷம் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுத்தவள். பனி தள்ளும் லாரியை ஒரு நாள்கூட ஓட்டியதில்லை. நான் முப்பத்தோரு வருஷமாக ஓட்டுகிறேன். கவுண்டி அலுவலகத்தில் இருக்கிறவர்களின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துக்கொள்.

வந்த முதல் வாரமே ஒரு விதி போட்டாள். ஒருவர் சொன்னதைக் கேட்டவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். சொன்னவர் ஆமாம் என்ற பிறகுதான் பதில் பேசலாம், வண்டியை எடுக்கலாம். வயர்லெஸ்ஸில் மட்டுமல்ல, நேரில் பேசும்போதும் அப்படித்தானாம். எல்லோரும் “நல்லாத்தான் இருக்கு” என்றார்கள். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், ஒருவரும் செய்யப் போவதில்லை. நான்தான் மனசில் பட்டதை நேராகச் சொன்னேன்: “நான் கிளி இல்ல.” அவள் முகம் மாறவே இல்லை. “நீங்க கிளி இல்லைன்னு சொல்றீங்க. நான் சரியா கேட்டேனா, டெல்மர்?” என்றாள். டெப்போவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. என் லாரிக்கு வலப்பக்கத்தில் இறக்கை மாதிரி நீளும் தகடு உண்டல்லவா, அதை ஏற்றி இறக்க வலது இருக்கையில் ஓர் ஆள் வேண்டும். இரண்டு குளிர்காலத்தில் நான்கு பேர் அந்த இருக்கையை விட்டுப் போய்விட்டார்கள். கடைசி ஆள் மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதியிருக்கிறான். ஐந்தாவது ஆளும் போனால் என்னை லாரியிலிருந்து இறக்கி, பட்டறையில் வண்டி கழுவ விட்டுவிடுவார்களாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சொல் தாங்குவதில்லை.

அங்கே வெயில் கடுமை என்கிறார்கள். தொப்பி போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா

*

ஜனவரி 22

அன்பு பிரிட்டா,

கிறிஸ்துமஸுக்கு ஆர்டிஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். நீ அவளுக்கு அனுப்பிய ஆரஞ்சுப் பழங்களில் ஒன்றை எனக்கும் கொடுத்தாள். நல்ல இனிப்பு.

வேலையில் என் கதை கொஞ்சம் திரும்பியிருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

என்னோடு ஏற ஒருவனும் முன்வரவில்லை. அதனால் சுவாவே ஒரு நாள் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு வலது இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தினமும் பத்து மணி நேரம் நாங்கள் இரண்டு பேர்தான். சாலையோரத்தில் ஒரு வீட்டின் தபால் பெட்டி வந்தால் “தூக்கு” என்பேன். அவள் உடனே, “தூக்கறேன், வலப்பக்கம் தபால் பெட்டி” என்பாள். பாலம் வந்தால் பாலம். எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். போன வருஷம் இதே வழியில் பதினாறு தபால் பெட்டிகளைப் பெயர்த்தோம். இந்த வருஷம் இரண்டுதான், அதில் ஒன்று ஏற்கெனவே சாய்ந்து கிடந்தது.

போன திங்கட்கிழமை வண்டி எடுக்கும் நேரத்தில் எல்லோர் முன்னாலும் அவள் என்னிடம் வந்தாள். “டெல்மர், உங்க வண்டி பிரேக்குல காத்து கசியுது. மெக்கானிக் பார்க்கற வரைக்கும் லுண்ட் மேட்டை விட்டுடுங்க. அதை வெர்ன் பார்த்துப்பான்” என்றாள். எனக்கு வந்ததே கோபம். சாவியை மேஜைமேல் வீசிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

அவள் வழியை மறிக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. “போறது உங்க இஷ்டம். நான் என்ன சொன்னேன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க” என்றாள். சொன்னேன். “எனக்கு வயசாயிடுச்சு, மேட்டுல வண்டி ஏத்தத் தெம்பு இல்ல, வெர்ன் என்னைவிட நல்லா ஓட்டுவான்னு சொன்னே.”

இந்த முறை டெப்போவில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் என்னையே பார்த்தாள். “அதுல ஒண்ணுகூட நான் சொல்லலையே. இருங்க, இன்னொரு தரம் சொல்றேன்” என்று, அதே வார்த்தைகளை அப்படியே சொன்னாள். நானும் திருப்பிச் சொன்னேன். பிரேக்கில் காற்று கசிகிறது. ஆமாம் என்றாள். மெக்கானிக் பார்க்க வேண்டும். ஆமாம். அதுவரைக்கும் மேட்டை வெர்ன் பார்ப்பான். ஆமாம். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவள் சொன்னது அவ்வளவுதான். வயசு, தெம்பு எல்லாம் நானாகச் சேர்த்துக்கொண்டது.

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது, அதை மறைத்துப் பயனில்லை. மத்தியானம் மெக்கானிக் பிரேக்கின் காற்றுக் குழாயைக் கழற்றிக் காட்டினான். என் விரல் நீளத்துக்கு வெடிப்பு. சாலையில் தூவும் மணல் லாரி நிறைய இருக்க, லுண்ட் மேட்டில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. என் பக்கத்தில் அவளும் உட்கார்ந்திருப்பாள்.

அன்று முதல் பழைய பேச்சுகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெர்னும் ஒரு காலத்தில் என் வலது இருக்கை ஆள்தான். “கொஞ்சம் முன்னாடியே சொல்லுங்க, தூக்க நேரம் பத்தல” என்று அவன் ஒரு தரம் கேட்டான். எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். ஆறு வாரம் அவனோடு ஒரு வார்த்தை பேசாமல் வண்டி ஓட்டினேன். ஏழாவது வாரம் அவன் மாற்றல் கேட்டு வேறு லாரிக்குப் போய்விட்டான். நான் அதையும் என் வெற்றியாக நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவனை வாகனக் கொட்டகையில் பிடித்தேன். அன்று அவன் சொன்னதை இப்போது திருப்பிச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். “டெல்மர், டாக்டர் ஏதாவது சொன்னாரா? எத்தனை மாசம்னு சொன்னார்?” என்றான். எனக்கு ஒரு நோயும் இல்லை என்று அவனை நம்பவைக்க கால் மணி நேரம் ஆனது. பிறகு சொன்னேன், அவனும் கேட்டான். அடுத்த திங்கள் முதல் வெர்ன் திரும்ப என் வண்டியில் ஏறுகிறான். சுவா தன் மேஜைக்குத் திரும்புகிறாள், தன் இடுப்பு எனக்கு நன்றி சொல்வதாகச் சொன்னாள்.

கடைசி நாள் வண்டியில் அவள் ஒன்று சொன்னாள். முதல் மாதம் முழுக்க என்னிடம் பேச அவளுக்குப் பயமாம். சொல்ல வேண்டியதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டுதான் வருவாளாம். ஆம்புலன்ஸுக்கு அழைத்துக் கதறுகிறவர்களோடு ஒன்பது வருஷம் பேசியவள், என்னைக் கண்டு பயந்திருக்கிறாள். நான் வெளிப்படையான ஆள், அவ்வளவுதான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்?

நீயும் அப்படிப் பயந்ததுண்டா, பிரிட்டா? தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன். பயந்ததுண்டு என்றாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
அப்பா

*

பிப்ரவரி 24

என் அன்பு பிரிட்டாவுக்கு,

போன புதன்கிழமை ஒரு பெட்டி வந்தது. டூசான் ஆரஞ்சு. கடிதம் இருக்கிறதா என்று அடி வரை தேடினேன், இல்லை. ஆனால் மேலே உன் கையெழுத்தில் என் பெயர் இருந்தது. பெட்டிக்கு என்ன அர்த்தம் என்று நானாக முடிவு செய்யப் போவதில்லை. முன்பெல்லாம் உடனே முடிவு செய்துவிடுவேன். வெர்னுக்கு நான்கு, சுவாவுக்கும் அவள் குழந்தைகளுக்கும் ஆறு, மீதி நான் தின்கிறேன். மேல் அட்டையைக் கத்தரித்துச் சமையலறையில் வைத்திருக்கிறேன்.

நேற்று உன் அம்மா போய் இரண்டு வருஷம் முடிந்தது. கல்லறையில் பனி இடுப்பளவு. மண்வெட்டியோடு போய் மார்லிஸ் என்ற பெயர் தெரியும் வரை தள்ளிவிட்டு வந்தேன்.

அங்கே நின்றபோது, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நீ என்னிடம் வந்தது நினைவுக்கு வந்தது. அடக்கம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். உன் கையில் ஒரு காகிதக் கைக்குட்டையை நான்காக மடித்து வைத்திருந்தாய். கண்ணைத் துடைக்க என்று நினைத்தேன். நேற்றுத்தான் இன்னொன்று தோன்றியது. அதில் ஏதாவது எழுதி வைத்திருந்தாயா, சுவாவின் உள்ளங்கை மாதிரி?

நீ சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. “அப்பா, நீங்க என்னைக் கூப்பிட்டிருக்கணும். அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசியிருப்பேன்.” அவ்வளவுதான் சொன்னாய். அன்று என் காதில் விழுந்தது வேறு. நீங்கள் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை, அம்மா உங்களால்தான் போனாள் என்று நீ சொன்னதாக எடுத்துக்கொண்டேன். அதற்குத்தான் பதில் சொன்னேன். இனி என் வீட்டு வாசலை மிதிக்காதே என்று, ஊரார் முன்னால், கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். நீ சொல்லாத ஒன்றுக்கு உன்னை விரட்டிவிட்டேன்.

நான் ஏன் கூப்பிடவில்லை என்று இதுவரை சொன்னதில்லை. சாக்குக்காகச் சொல்லவில்லை, நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நாங்கள் டுலூத் ஆஸ்பத்திரியில் இருந்தோம், நீ அப்போது ஃபார்கோவில் இருந்தாய். இரண்டுக்கும் நடுவே எந்தச் சாலை மூடியிருந்தது, எங்கே கண் தெரியாமல் பனி வீசியது என்று டெப்போவுக்குப் பேசி மணிக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டிருந்தேன். சொன்னால் நீ அந்த நிமிஷமே காரை எடுப்பாய். அப்படிக் காரை எடுத்தவர்களை நான் பள்ளத்திலிருந்து வெளியே இழுத்திருக்கிறேன், எல்லோரும் உயிரோடு இல்லை. ஒரே நாளில் இரண்டு பேரை இழக்க எனக்குத் தைரியம் இல்லை.

நீ சாலையில் வருவதைத்தான் நினைத்தேன். நீ வரத் தேவையில்லை, போனை உன் அம்மாவின் காதில் வைத்தால் போதும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பிரிட்டா. போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

இப்போது நீ சொன்னதை என் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறேன். அம்மாவிடம் கடைசியாகப் பேச உனக்கு ஒரு வழி இருந்தது. நான் அதை உனக்குக் கொடுக்கவில்லை. அந்த வலியை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று, பயத்தோடு என்னிடமே வந்தாய். நான் கேட்கவில்லை.

நான் சரியாகக் கேட்டேனா?

ஆமாம் என்றால் அந்த ஒரு வார்த்தையை எழுது. இல்லை என்றால் இன்னொரு தரம் சொல், எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி. நடுவில் வாய் திறக்க மாட்டேன். நீ ஆமாம் என்று சொல்லும் வரைக்கும் நான் வேறு எதுவும் பேசக் கூடாது, எங்கள் டெப்போவின் விதி அது.

காத்திருக்கிறேன், மகளே.

அப்பா