வேகம் கூட்டிய நீலாம்பரி

அன்புள்ள உங்களுக்கு,

தில்லியில் குளிர் அதிகமா? நேற்று மத்தியானம் நம் தையல் பிரிவுக்குப் போயிருந்தேன். ஒலிபெருக்கியில் குழலிசை, மெஷின் இரைச்சலுக்கு மேலே துள்ளிக்கொண்டிருந்தது. என் கால் தானாகத் தாளம் போட்டது.

“யாருங்க வாசிச்சது? நல்லாருக்குங்களே,” என்று பூங்கொடியக்காவிடம் கேட்டேன்.

அவர் தைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “ஏனுங்கம்மிணி, உங்க குழலு உங்களுக்கே தெரியலீங்களா? மெதுவாப் போட்டா நாங்க தூங்கீருவோம்னு மொதலாளி கம்ப்யூட்டர்ல ஸ்பீடு ஏத்தீட்டாருங்க.”

வேகத்தோடு சுருதியும் ஒரு கட்டை ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த மாதம், தூங்கவைக்க யாருமில்லாமல் நான் வாசித்த நீலாம்பரித் தாலாட்டு அது. நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தீர்கள்.

அதை வேகப்படுத்தியதற்காக உங்கள்மேல் கோபப்படப் பார்த்தேன். முடியவில்லை. அதற்குள் நான் தாளம் போட்டுவிட்டேன், நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டேன்.

“நிறுத்தீரட்டுங்களா?” என்றார் அக்கா. அவர் முகத்தைப் பார்க்காமல், வேண்டாம் என்றேன்.

நீங்கள் வந்ததும் பழைய பதிவை, அதன் வேகத்திலேயே, ஒருமுறை போடுங்கள். எனக்கு இன்னும் அழுகை வருகிறதா என்று தெரிய வேண்டும். தனியாகக் கேட்கப் பயமாக இருக்கிறது.

உங்கள்
மனைவி